சென்னை விலை மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தில் தினமும் காலையில் "இன்றைய பெட்ரோல், டீசல் விலை நிலவரம்" என்று ஒரு செய்தி வருகிறது. அதில் வருவது சென்னை விலை. மாற்றம் உண்டா, இல்லையா என்று ஒரு வரி. அதோடு சரி. நான் கடலூரில் ஒரு பெட்ரோல் பங்கில் கேஷியராகச் சேர்ந்து, மேனேஜராக இருந்து, இப்போது வீட்டில் இருக்கிறேன். பங்க் எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. அரசு எண்ணெய் நிறுவனங்கள் மூன்றில் ஒன்று. அந்த ஒரு வரிச் செய்தியால் பங்கில் நடக்கும் சண்டைகளைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சண்டை இப்படித் தொடங்கும். ஒருவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் போனை நீட்டுவார். "என்னண்ணே, பேப்பர்ல நூறு ரூபா சொச்சம்னு போட்டிருக்கு, நீங்க நூத்திரண்டுக்கு மேல போட்டு அடிக்கிறீங்க? மீதி யார் பாக்கெட்டுக்கு?" நாசிலைப் பிடித்து நிற்கும் பையனுக்கு என்ன தெரியும்? அவன் என் பக்கம் கையைக் காட்டுவான். நான் எழுந்து போய், அது சென்னை விலை, கம்பெனியின் எண்ணெய்க் கிடங்கான டெப்போவிலிருந்து டேங்கர் ஓடி வரும் தூரத்துக்கு வாடகை சேர்கிறது, அதனால் ஊருக்கு ஊர் விலை மாறும் என்று விளக்குவேன். பாதிப் பேர் நம்புவார்கள். மீதிப் பேர், "எதிர்ல இருக்கிற பங்க்ல இருபது காசு கம்மி, அவனுக்கு மட்டும் டேங்கர் பறந்து வருதா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். எதிரில் இருப்பது வேறு கம்பெனி. அவர்களுக்கு லோடு வருகிற டெப்போ வேறு, வாடகைக் கணக்கும் வேறு. இதை வண்டி வரிசையில் நின்றுகொண்டு யாரால் சொல்லி முடிக்க முடியும்?

பொதுமக்களில் பலர் இன்னமும் பங்க் முதலாளிதான் விலை வைக்கிறார் என்று நினைக்கிறார்கள். அரசு நிறுவனத்தின் டீலருக்கு ஒரு காசு கூட்டவும் குறைக்கவும் கையில் ஒன்றும் இல்லை. கம்பெனி அனுப்பும் விலைதான். இப்போது பெரும்பாலான பங்குகளில் அந்த விலை காலை 6 மணிக்கு நேராக மெஷினுக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. டீலருக்குக் கிடைப்பது கமிஷன். ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகை, அதன்மேல் விலையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஒரு பங்கு. 2017-ல் நிர்ணயித்த அந்தக் கமிஷனை 2024 அக்டோபர் கடைசியில்தான் ஏற்றினார்கள். இடைப்பட்ட காலத்தில் பையன்கள் சம்பளம் ஏறியது, கரண்ட் பில் ஏறியது, கார்டு மெஷின் செலவு வந்தது. 2022 மே 31-ம் தேதி 24 மாநிலங்களில் டீலர்கள் ஒரு நாள் டெப்போவில் லோடு எடுக்காமல் இருந்தது இதற்காகத்தான். பத்திரிகைகளில் அது பெட்ரோல் தட்டுப்பாடு வருமா என்ற பயமாகத்தான் வந்தது. கமிஷன் எவ்வளவு என்று ஒருவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

பழைய முறையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். 2017 ஜூன் 16-க்கு முன் மாதத்தில் இரண்டு முறைதான் விலை மாறும், 1-ம் தேதியும் 16-ம் தேதியும். முந்தின நாள் சாயங்காலம் டிவியில் "நள்ளிரவு முதல் உயர்வு" என்று ஓடும். எட்டு மணிக்கெல்லாம் பங்கு வாசலிலிருந்து ரோட்டில் வரிசை நிற்கும். கேன், பாட்டில் எல்லாம் வரும். சில பங்குகளில் அந்த நேரம் பார்த்து "ஸ்டாக் இல்லை" என்று கயிறு கட்டிவிடுவார்கள். விடிந்ததும் கயிறு அவிழும். அந்தக் கூத்து ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். தினசரி விலை என்று வந்தபோது முதலில் நள்ளிரவில்தான் மாற்றுவதாக இருந்தது. அர்த்த ராத்திரியில் தினமும் மெஷினுக்கு மெஷின் விலையைத் திருத்திக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது என்று டீலர்கள் ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்ததும் காலை 6 மணி ஆனது. ஷிப்டு மாறுகிற நேரம், மீட்டர் ரீடிங் எடுக்கிற நேரம் என்பதால் எங்களுக்கும் அது சௌகரியம்.

இதில் கடலூர்க்காரர்களுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. இந்தத் தினசரி விலையை நாடு முழுக்கக் கொண்டுவருவதற்கு முன் 2017 மே 1 முதல் ஐந்து ஊர்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். உதய்ப்பூர், ஜாம்ஷெட்பூர், விசாகப்பட்டினம், சண்டிகர், ஐந்தாவது நம் பக்கத்து வீடு புதுச்சேரி. ஒன்றரை மாதம், எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு அந்தப் பக்கம் தினம் ஒரு விலை, இந்தப் பக்கம் பதினைந்து நாளைக்கு ஒரே விலை. முதல் வாரம் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். பத்து காசு, பதினைந்து காசு என்று ஏறி இறங்கியதை மக்கள் கண்டுகொள்ளவே இல்லை. சரி, இது நல்ல ஏற்பாடுதான் போலிருக்கிறது என்று எங்கள் பங்கிலேயே பேசிக்கொண்டோம். உலகச் சந்தையில் பெட்ரோல், டீசல் என்ன விலை, டாலருக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்து தினமும் காசு கணக்கில் நகர்ந்துகொண்டே இருந்தால் யாருக்கும் வலிக்காது. வாக்குறுதியும் அதுதான்.

அப்புறம் நடந்தது வேறு. 2018-ல் கர்நாடகத் தேர்தல் நேரத்தில் ஏப்ரல் 24-க்குப் பிறகு விலைப் போர்டு அசையவே இல்லை. மே 12 ஓட்டுப்பதிவு முடிந்து, 14-ம் தேதி ஏறத் தொடங்கியது. 2021-ல் நம் மாநிலத் தேர்தலுக்கு முன்பும் அதே கதை. பிப்ரவரி 27-க்குப் பிறகு ஏற்றமே கிடையாது, மே 2-ம் தேதி ஓட்டு எண்ணினார்கள், மே 4 முதல் ஏற்றம். உத்தரப் பிரதேசத் தேர்தலை ஒட்டி 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் 21 வரை 137 நாள் நின்றது. அதற்குள் ரஷ்யா உக்ரைனில் நுழைந்து கச்சா எண்ணெய் எங்கேயோ போய்விட்டது. மார்ச் 22-ல் பூட்டைத் திறந்ததும் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய பத்து ரூபாய். சென்னையில் 101 ரூபாய் 40 காசாக இருந்த பெட்ரோல் ஏப்ரல் 6-ல் 110 ரூபாய் 85 காசு. அந்த இரண்டு வாரமும் பங்கில் உட்கார்ந்திருந்தவனைக் கேளுங்கள். காசு கணக்கில் நகர்ந்திருந்தால் திட்டே வந்திருக்காது.

விலையை நிறுத்தி வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2022-ல் அந்த ஏற்றத்துக்குப் பிறகும் நிறுத்தி வைத்ததால் ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கும் சேர்த்து 18,480 கோடி ரூபாய் நஷ்டம். நாம் எல்லோரும் அந்த நஷ்டத்தில் வண்டி ஓட்டினோம், உண்மைதான். ஆனால் கச்சா எண்ணெய் இறங்கிய பிறகும் போர்டு அதே இடத்தில்தான் நின்றது. 2023-24-ல் அதே மூன்று நிறுவனங்களின் லாபம் ஏறக்குறைய 81,000 கோடி. 2022 மே 22 முதல் 2024 மார்ச் 14 வரை சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு. மார்ச் 15-ல் இரண்டு ரூபாய் குறைந்தது. மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். இத்தனைக்கும் காகிதத்தில் இது தினசரி விலை நிர்ணயம்தான். தினமும் காலை 6 மணிக்கு மெஷினுக்கு விலை வந்துகொண்டுதான் இருந்தது, அதே விலை!

வரி விஷயத்தில் இது இன்னும் மோசம். 2020 மே மாதத் தொடக்கத்தில் தமிழக அரசு, மாநிலத்தின் விற்பனை வரியான வாட் வரியை ஏற்றியது. மறுநாளே போர்டில் பெட்ரோல் மூன்றேகால் ரூபாய், டீசல் இரண்டரை ரூபாய் கூடியது. ஊரடங்கு நேரம், வந்த நாலு பேரும் திட்டிவிட்டுப் போனார்கள். அதே வாரத்தில் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. போர்டில் ஒரு காசு மாறவில்லை. அப்போது கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு வந்திருந்தது, இந்தியா வாங்கும் எண்ணெயின் ஏப்ரல் மாதச் சராசரி பீப்பாய்க்கு 20 டாலருக்கும் கீழ். நமக்கு இறங்கியிருக்க வேண்டிய பணம் அப்படியே வரிக்குள் போய்விட்டது. பெட்ரோலில் 3 ரூபாய்க்குத் திட்டியவர்களுக்கு 10 ரூபாய் கண்ணில் படவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, எங்கே பார்த்து அவர்கள் தெரிந்துகொள்வது? 2025 ஏப்ரலில் இரண்டு ரூபாய் கலால் வரி கூடியபோதும் போர்டு அப்படியே இருந்தது.

குறைந்தபோது நடந்ததையும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. 2021 நவம்பர் 3, தீபாவளிக்கு முதல் நாள். பண்டிகை லீவில் டெப்போவில் லோடு கிடைக்காது என்பதால் எல்லா டீலரும் போலவே எங்கள் முதலாளியும் டேங்கை நிரப்பி வைத்திருந்தார். லோடுக்குப் பணம் முன்கூட்டியே கட்டியாக வேண்டும், அன்றைய விலையில். ராத்திரி செய்தி வருகிறது: கலால் வரி பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 10 ரூபாய் குறைப்பு. அதன்மேல் சதவீதக் கணக்கில் வரும் வாட் வரியும் இறங்கும் என்பதால் டீசல் லிட்டருக்கு 11 ரூபாய் சொச்சம் விழும். காலையில் ஸ்டாக்கை அளக்கும் டிப் ஸ்டிக்கைத் தரை டேங்கில் விட்டுப் பார்த்தேன். டீசல் மட்டும் பதினெட்டாயிரம் லிட்டர் சுற்றி இருந்தது. 102 ரூபாய் கணக்கில் வாங்கியதை 91 ரூபாய் கணக்கில் விற்க வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய். முதலாளி ஒன்றும் பேசவில்லை, கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்குப் போனஸ் அன்றைக்கு முந்தின நாளே கொடுத்தாகிவிட்டது, நல்லவேளை. அன்று பங்குக்கு வந்தவர்களில் ஒருவர், "தீபாவளிக்கு உங்களுக்கு நல்ல வியாபாரம்போல" என்றார்.

விலை ஏறும்போது பழைய ஸ்டாக்கில் டீலருக்கு லாபம் வருமே என்று கேட்பீர்கள். வரும், மறுக்கவில்லை. காசு காசாக ஏறி இறங்கினால் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும், தினசரி விலையின் நியாயமே அதுதான். மாதக்கணக்கில் பூட்டி வைத்து ஒரே ராத்திரியில் பத்து ரூபாய் மாற்றும்போது யார் தலையில் விழும் என்பது அன்றைக்கு யாரிடம் எவ்வளவு ஸ்டாக் இருக்கிறது என்ற குருட்டு அதிர்ஷ்டம்.

இதோடு ஒப்பிட்டால் 2021 ஆகஸ்டு 14-ல் தமிழக அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது மக்களுக்குச் சுலபமாகப் புரிந்தது. சென்னையில் 102 ரூபாய் 49 காசு 99 ரூபாய் 47 காசு ஆனது. சொன்னது மூன்று, குறைந்தது மூன்று. அன்றைக்கு ஒரு பாட்டி தன் பேரன் வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடியே போர்டைப் படித்து, "ரெண்டு இலக்கத்துக்கு வந்துடுச்சுடா" என்றார். விலை என்றால் இப்படித்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

புதுச்சேரி எல்லைக்கு வருகிறேன். அங்கே வாட் வரி குறைவு என்பதால் பல வருடங்களாகவே லிட்டருக்குச் சில ரூபாய் வித்தியாசம் இருந்து வருகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிப் பக்கத்துக் கன்னியக்கோயில் வரை போய் டேங்க் நிரப்பி வருவது எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்று. கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும். பைக்கில் மூன்று லிட்டர் போடப் போகிறவர் போக வர எரிக்கும் பெட்ரோலையும் கணக்குப் பார்க்க வேண்டும், அதை யாரும் பார்ப்பதில்லை. லாரிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். எல்லையோரத் தமிழகப் பங்குகளில் டீசல் விற்பனை ஈ ஓட்டுகிறது. இது இரண்டு அரசுகளின் வரிக் கொள்கை, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் நாகைக்கும் காரைக்காலுக்கும் நடுவிலும் இதே நிலைதான் என்னும்போது, இந்த மாவட்டங்களின் வாசகருக்குச் சென்னை விலை எதற்கு? அவருக்கு வேண்டியது தன் ஊர் விலையும் எல்லைக்கு அந்தப் பக்கத்து விலையும்.

என் தங்கை மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறான். அங்கே விலையை அந்தந்த பங்கே வைக்கிறது, நம் ஊர்போலக் கம்பெனி விலை இல்லை. ஆனால் அந்த மாநில அரசு 2001-லிருந்து ஒரு சட்டம் வைத்திருக்கிறது. மறுநாள் விலையை இன்று மத்தியானம் 2 மணிக்குள் ஒவ்வொரு பங்கும் அரசுக்குச் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை 6 மணி முதல் 24 மணி நேரத்துக்கு அந்த விலையை மாற்றக் கூடாது. அரசு அத்தனை பங்கின் விலையையும் இணையத்தில் போட்டுவிடும். நாளைக்கு ஏறப்போகிறது என்று தெரிந்தால் இன்று சாயங்காலமே போட்டுக்கொள்வான். இங்கேயும் அதே 6 மணிதான், ஆனால் 6 மணிக்கு என்ன வரும் என்பது 6 மணிக்குத்தான் தெரியும். நம் கம்பெனிகளும் போன் செயலியிலும் எஸ்எம்எஸ்ஸிலும் பங்க் வாரியாக விலை சொல்கின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். எஸ்எம்எஸ்ஸுக்கு டீலர் கோடு எண் வேண்டும். அது பங்கிலேயே எழுதி ஒட்டியிருக்கும். பங்குக்கு வந்து எண்ணைப் பார்த்தவருக்குப் பக்கத்திலேயே விலைப் போர்டும் இருக்கிறது, அப்புறம் எஸ்எம்எஸ் எதற்கு?

கம்பெனிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விலை போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு. டீலருக்கு வரும் விலை இவ்வளவு, கலால் வரி இவ்வளவு, வாட் இவ்வளவு, கமிஷன் இவ்வளவு. டெல்லி விலைக்கு இந்தக் கணக்கை இந்தியன் ஆயில் தன் இணையதளத்திலேயே போடுகிறது. டெல்லிக்குப் போட முடிந்ததைத் திண்டிவனத்துக்கும் போடலாம். பெரிய கணக்கு வித்தை வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு வாட் வரி 13 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். நூறு ரூபாயை ஒட்டிய விலையில் அது 22 ரூபாய் அளவுக்கு வரும். 2024 மார்ச்சில் விலை குறைந்த நேரத்தில் கலால் வரி 19 ரூபாய் 90 காசு. அதாவது நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டவர் 40 ரூபாய்க்கு மேல் இரண்டு அரசுக்கும் கொடுத்தார், கமிஷன் நாலு ரூபாய்க்குப் பக்கம். அந்தக் கலால் வரியிலும் மாநிலங்களோடு பங்கு போடும் அடிப்படை வரி அப்போது 1 ரூபாய் 40 காசுதான், மீதி செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் மத்திய அரசுக்கே. இதையெல்லாம் ஒரு போர்டில் எழுதி வைத்தால், "மீதி யார் பாக்கெட்டுக்கு" என்று கேட்பவருக்கு என் வாயால் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. விரலைக் காட்டினால் போதும்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. சென்னை விலையோடு மாவட்டத் தலைநகரங்களின் விலையையும் ஒரு பட்டியலாகப் போடுங்கள், புதுச்சேரி, காரைக்காலையும் சேர்த்து. இவ்வளவு நாளாக விலை மாறவில்லை என்று எழுதும்போது, அதே நாட்களில் கச்சா எண்ணெய் எங்கிருந்து எங்கே போனது என்று ஒரு வரி சேருங்கள். வரி கூடி போர்டு மாறாத நாளில் அதைத் தலைப்பில் போடுங்கள், வணிகப் பக்கத்தின் மூலையில் வேண்டாம். 2024 அக்டோபரில் வாடகைக் கணக்கைத் திருத்தி, டெப்போவுக்குத் தொலைவான ஊர்களில் விலையைக் குறைத்தார்கள். ஒடிசா, சத்தீஸ்கர் பக்கமெல்லாம் சில இடங்களில் நல்ல குறைவு. நம் மாவட்டங்களில் எந்த ஊருக்கு எவ்வளவு என்று ஒரு தமிழ் நாளிதழிலும் நான் பார்க்கவில்லை. உங்கள் நிருபர் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்தால் அந்தப் பட்டியல் வந்துவிடும். வேண்டுமானால் டெப்போ ரசீதை எப்படிப் படிப்பது என்று நான் சொல்லித் தருகிறேன்.

கடிதம் நீளம் என்று வெட்டுவதாக இருந்தால் பெர்த் கதையை வெட்டிவிடுங்கள், தங்கை மகன் கோபித்துக்கொள்ள மாட்டான். தீபாவளிக் கணக்கை மட்டும் விட்டுவையுங்கள். எங்கள் முதலாளி உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பங்க் மேனேஜர்,
கடலூர்.
(பெயர் வெளியிட வேண்டாம்.)